ஒலித்த ஒரே பலகை

ஷேன் ஹாக்வுட் வீசிய ஸ்பேனர் என் காதை உரசிக்கொண்டு போய் ரெசின் பீப்பாயில் மோதியது. பீப்பாயின் வயிறு உள்ளே போனது. அது என் மண்டையாக இருந்திருந்தால் இந்தக் கதையை வேறு யாராவது சொல்லியிருப்பார்கள். இவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

"எங்கண்ணன் கட்டுன கடைசி படகுடா இது! எவனாவது கை வெச்சீங்க, கைய முறிச்சிடுவேன்!"

"அதுக்கு நீ இன்னும் நாலு வேளை சாப்பிட்டு வரணும் தம்பி," என்றேன்.

சொல்லி முடிப்பதற்குள் அவன் முஷ்டி என் வாயில் இறங்கியது. நாக்கில் ரத்தம் உப்பாகக் கரித்தது. நான் டோங்காத் தீவுக்காரன். என் எடை நூற்று முப்பது கிலோ. அதில் பொறுமை கால் கிலோகூடத் தேறாது. அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கிப் பட்டறையின் தகரச் சுவரில் சாத்தினேன். இன்னொரு தடவை சாத்தினேன். அவன் மூக்கிலிருந்து ரத்தம் வழிந்து என் கையெல்லாம் பிசுபிசுத்தது.

"செமிசி, போதும். கீழ விடு," என்றது என் பின்னாலிருந்து ஒரு குரல். "அண்ணனப் பறிகொடுத்தவன். ரெண்டு அடி அடிக்கத்தான் செய்வான்."

"மூணாவது சாத்து இன்னும் பாக்கி இருக்கு பாஸ்."

"அப்புறம் பாத்துக்கலாம்."

ஷேன் மூக்கைத் துடைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்துத் துப்பினான். "பதினோரு மணிக்கு லாரியோட வருவேன். படகு ரெடியா தொங்கணும். கப்பல் உங்களுக்காகக் காத்திருக்காது," என்று சொல்லிவிட்டுப் போனான். அப்போது மணி பத்து.

என்னைத் தடுத்த குரலுக்குச் சொந்தக்காரி ஐரீன் உர்லிச். என் முதலாளி. ஐம்பத்து நான்கு வயது, ஆண்பிள்ளை கிராப், சிரிப்பை வங்கியில் போட்டு வைத்திருக்கும் முகம். துப்பறிய வருவதற்கு முன் இருபது வருடம் நியூசிலாந்தின் இந்த வாங்கரே ஆற்றங்கரையில் படகுகளைத் தட்டிப் பார்த்துப் பழுது கண்டுபிடிக்கும் வேலை செய்தவர். இப்போதும் அவர் பாக்கெட்டில் ஒரு இரண்டு டாலர் நாணயம் உண்டு. அதற்கு அவர் எதுவும் வாங்கி நான் பார்த்ததில்லை.

விஷயம் இதுதான். திங்கட்கிழமை காலை இந்தப் பட்டறைத் தரை முழுக்க ரத்தம். ரம்பத்துக்கு அடியில் ஒரு சுண்டு விரலின் நுனி கிடந்தது, நகத்தோடு. பட்டறை முதலாளியும் ஷேனின் அண்ணனுமான டேரில் ஹாக்வுட்டின் விரல். டேரிலைக் காணோம். ரத்தம் தோய்ந்த உளி ஒன்று கிடைத்தது. அது மேஸ்திரி பிட்டா ராமேகாவின் உளி. போலீஸ் பிட்டாவைத் தூக்கிக்கொண்டு போனது. உடலை ஆற்றில் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

பிட்டாவுக்குக் காரணம் இருந்தது, அதுதான் சிக்கல். டேரில் கட்டிய சிங்கி இறால் படகு ஒன்று போன வருடம் கடலில் பிளந்தது. எஞ்சின் உட்காரும் மேடை பிய்ந்து அடித்தளத்தைக் கிழித்துக்கொண்டு போனது. மூன்று பேர் மூழ்கினார்கள். அதில் ஒருவன் பிட்டாவின் தம்பி டமாட்டி. வரும் வியாழக்கிழமை கோர்ட்டில் விசாரணை. படகு கட்டும் ஆளிச் செடி நார்த் துணி காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும், அதை அடுப்பில் காய வைத்த பிறகுதான் ரெசின் பசையில் நனைக்க வேண்டும், இல்லையென்றால் ஒட்டு பிரிந்துவிடும், டேரில் அவசரத்தில் காய வைக்கவில்லை என்பது பிட்டாவின் சாட்சி. காய வைக்கத் தேவையே இல்லை, எனக்கு அப்படி ஒரு முறையே தெரியாது, பிட்டாதான் ரெசினைத் தப்பாகக் கலந்தான் என்பது டேரில் எழுதிக் கொடுத்த வாக்குமூலம். வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாலும் பிட்டா டேரிலின் முகத்தில் குத்தினான். எனக்கு பிட்டாவைத் தெரியும். ஒரே ஒரு குத்தோடு நிறுத்தியதே பெரிய மனசு என்று நினைத்தேன்.

இப்போது அவன் கொலைகாரன். வியாழக்கிழமை அவன் சொல்வதை எந்த நீதிபதி நம்புவார்?

"இங்க வா. இதப் பாரு," என்று ஐரீன் என்னைச் சுவரோரம் கூப்பிட்டார்.

அலமாரியில் காகிதக் கப்புகள் வரிசையாக இருந்தன. எங்கள் ஊர்ப் படகுப் பட்டறைகளில் இது ஒரு பழக்கம். ரெசின் கலக்கும்போது மிச்சத்தைக் கப்போடு வைத்து, மேலே தேதியும் மணியும் எழுதுவார்கள். மறுநாள் நகத்தால் அழுத்திப் பார்த்து, சரியாக இறுகியிருக்கிறதா என்று தெரிந்துகொள்வார்கள். கடைசிக் கப்பில் 'சனி 3.20' என்று பிட்டாவின் கையெழுத்து.

அதற்கு அப்புறம் இன்னொரு கப். எழுத்தே இல்லை.

ஐரீன் நகத்தால் அழுத்தினார். கல்.

"சனிக்கிழமை வேலை முடிஞ்சப்புறம் யாரோ ரெசின் கலக்கியிருக்கான். திங்கக்கிழமை காலைல போலீஸ் பட்டறைய பூட்டி, இன்னைக்குத்தான் தெறந்துச்சு. நடுவுல நடந்த வேலை."

"கொலைகாரன் ரொம்ப ஒழுக்கமானவன் பாஸ். கொன்னுட்டு கப்ப வரிசையில வெச்சிருக்கான்."

"கை பழக்கம்டா. மூளை சொல்றதுக்கு முன்னாடி கை வெச்சிடும். அது கெடக்கட்டும், கலக்குன ரெசின் எங்க போச்சு? இந்தப் பட்டறையில புதுசா ஒட்டுன வேலை எதாவது தெரியுதா?"

எங்கும் இல்லை. நான் வெளியே பார்த்தேன். அங்கே இருப்பது ஒரே ஒரு படகுதான். இன்று மதியம் கப்பலேறி டோங்காவுக்குப் போகும் படகு.

"பாஸ்… பொணத்த எங்க ஊருக்கா ஏத்துமதி பண்றாங்க?"

"அதத்தான் பாக்கப் போறோம்."

படகு நான்கு மீட்டர் உயரத்தில் அந்தரத்தில் தொங்கியது. ராட்சதச் சக்கரங்கள் வைத்த தூக்குவண்டி அதை இரண்டு பட்டைகளில் ஏந்தியிருந்தது. வண்டியை ஓட்டுகிறவள் வைமாரி ராமேகா. பிட்டாவின் மனைவி. எங்களைக் கூப்பிட்டதே அவள்தான். கணவன் லாக்கப்பில் இருக்க, அவனைக் கொலைகாரன் என்று சொல்லும் ஷேனின் உத்தரவுக்கு அந்தப் படகை அவள் தூக்கிப் பிடித்திருந்தாள். இரண்டு நாளாகத் தூங்காத கண்கள்.

"ஆன்ட்டி, பதினொன்னு வரைக்கும் இழுத்துப் பிடிக்கறேன். அதுக்கு மேல முடியாது," என்று மேலிருந்து கத்தினாள்.

ஏணியில் ஏறினோம். ஏணி எனக்காக அழுதது.

இது திமிங்கலங்களின் பாட்டைக் கேட்பதற்காகக் கட்டிய படகு. எஞ்சின் ஓடுவதே தண்ணீருக்குத் தெரியக் கூடாது. அதற்காக டேரில் சுவர் முழுக்க ஆளி நார்த் துணியும் நடுவில் ரப்பர் மாதிரி ஒரு படலமும் வைத்து, ரெசின் ஊற்றி இறுக்கியிருந்தான். அதிர்வு வந்தால் அந்தப் படலம் உள்ளேயே கசக்கி விழுங்கிவிடும். டேரில் கெட்டவனாக இருக்கலாம், வேலைக்காரன்.

ஐரீன் நாணயத்தால் சுவரைத் தட்டினார். தொப். இன்னொரு இடத்தில் தட்டினார். தொப். நான் பூட்ஸ் காலால் ஓங்கி ஒரு உதை விட்டேன். தலையணையை உதைத்த மாதிரி இருந்தது.

"பாத்தியா? உள்ள ஒருத்தன அடைச்சு வெச்சு, அவன் நாள் பூரா உதைச்சாலும் வெளிய ஈ காதுலகூட விழாது," என்றார் ஐரீன்.

அவர் தட்டிக்கொண்டே முன்பக்கம் போனார். தொப், தொப், தொப். எனக்குத் தூக்கம் வந்தது. படகின் மூக்கு குறுகும் இடத்தில், நங்கூரச் சங்கிலி கிடக்கும் அறைக்கு முன்னால், ஒரு தடுப்பு இருந்தது.

டிங்.

நான் நிமிர்ந்தேன். ஐரீன் மறுபடியும் தட்டினார். டிங். சுத்தமான மணிச் சத்தம். படகிலேயே வாயைத் திறந்து பேசியது அந்த ஒரு பலகைதான்.

"இதுல ஆளியும் இல்ல, ரப்பரும் இல்ல. மிச்சம் மீதி கெடந்த வெறும் கண்ணாடி நார்ப் பலகை. வரைபடத்துல இந்தத் தடுப்பே கிடையாது," என்றார்.

வைமாரி வண்டியை நிறுத்திவிட்டு ஏறி வந்தாள். தடுப்பு சுவரோடு சேரும் மூலையை டார்ச் அடித்துப் பார்த்தாள். ரெசின் பசை கட்டி கட்டியாக வழிந்திருந்தது. மேலே ஒட்டிய நார்ப் பட்டை சுருங்கி, கோணலாக, குமிழ் குமிழாக நின்றது.

"ஐயோ, என்ன கண்றாவி இது. எங்க வீட்டுக்காரர் ரொட்டியில வெண்ணெய் தடவறதே இதைவிட நேரா இருக்கும். துப்பாக்கியக் காட்டி மெரட்டினாலும் அவருக்கு இப்படி ஒட்ட வராது ஆன்ட்டி!"

அவள் குரல் உடைந்தது. இந்த இரண்டு நாளில் முதல் தடவையாக அவள் பக்கம் ஒரு சாட்சி கிடைத்திருக்கிறது. என் கண்ணும் கொஞ்சம் கரித்தது. ரெசின் நெடி என்று சொல்லிக்கொண்டேன்.

ஐரீன் உள்ளங்கையைப் பலகையில் வைத்து அப்படியே நின்றார்.

"அசையுது," என்றார். "உள்ள ஏதோ உரசுது. உயிர் இருக்கு! செமிசி, ரம்பத்த எடு!"

பேட்டரி ரம்பம் கிறீச்சிட்டது. நார்த்தூசி பறந்து கழுத்தெல்லாம் அரித்தது. ஐந்து நிமிடத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓட்டை போட்டேன். உள்ளே கும்மிருட்டு. மூத்திர நாற்றம் குப்பென்று அடித்தது.

"டேரில்! கேக்குதா? நாங்க உன்னக் காப்பாத்த வந்திருக்கோம்!"

பதில் இல்லை.

"வாயைக் கட்டியிருப்பாங்க பாஸ்."

கீழே லாரியின் ஹாரன் கேட்டது. ஷேன் வந்துவிட்டான். வைமாரி திடுக்கிட்டு ஏணியில் இறங்கி வண்டிக்கு ஓடினாள். ஐரீன் தோள் வரைக்கும் கையை ஓட்டைக்குள் விட்டுத் துழாவினார். "டேரில், என் கையப் புடிச்சுக்கோ. பயப்படாத…"

பாதியில் அவர் பேச்சு நின்றது. அவர் விரல்கள் உள்ளே, தடுப்பும் சுவரும் சேரும் மூலையில், மேலும் கீழுமாகப் போய் வருவது தோளின் அசைவில் தெரிந்தது. அவர் முகத்தில் இருந்த இரக்கம் மெதுவாக வடிந்தது.

சட்டென்று கையை வெளியே இழுத்தார்.

அதே நொடியில் ஓட்டைக்குள்ளிருந்து ஒரு உளி பாய்ந்தது. அவர் முழங்கையைக் கிழித்துக்கொண்டு போய்ப் பலகை விளிம்பில் குத்தி நின்றது. அதைப் பிடித்திருந்த கையில் அழுக்குக் கட்டு. சுண்டு விரல் இருக்க வேண்டிய இடத்தில் பாதிதான் இருந்தது.

"பாஸ்! இவன் செத்தவனாச்சே!"

"இவன் செத்தவன் இல்லடா. இவன் பயணி!"

நான் அந்த மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினேன். உளி விழுந்தது. உள்ளிருந்து ஒரு அலறல். நாய் மாதிரி என் கட்டை விரலைக் கடித்தான். கையை உதறிக்கொண்டேன்.

"வெளிய ஒட்டுனது தத்தி. ஒரு லாரி ஓட்டறவன் ஒட்டுன மாதிரி இருக்கு," என்றார் ஐரீன், ரத்தம் சொட்டும் கையைக் கர்ச்சீப்பால் கட்டிக்கொண்டே. "உள்பக்கம் முட்டை ஓடு மாதிரி வழவழன்னு இருக்கு. அடைச்சு மூடினப்புறம் உள்பக்கத்த யாரு ஒட்ட முடியும்? உள்ள இருக்கறவன் மட்டும்தான். கடத்திட்டு வந்து கட்டிப்போட்டவன் உக்காந்து மூலைய வழிச்சு விட்டுட்டு இருப்பானா?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. பிட்டாவின் உளியை எடுத்துத் தன் விரலையே வெட்டிக்கொண்டிருக்கிறான். தன் ரத்தத்தைத் தரையெங்கும் தெளித்திருக்கிறான். சாட்சியைக் கொலைகாரன் ஆக்கிவிட்டு, நங்கூரத் துளை வழியாக மூச்சு விட்டுக்கொண்டு டோங்காவுக்கு ஒரு சவாரி. அங்கே தம்பி வந்து வெட்டி எடுத்துவிடுவான்.

தம்பி என்று நினைத்ததும் தலைக்கு மேல் தளத்தில் காலடி. ஷேன் கடப்பாரையோடு குதித்து இறங்கினான்.

முதல் அடியை இடது கையால் தடுத்தேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. சத்தத்தை விழுங்கும் படகு அதை மட்டும் விழுங்கவில்லை. அடுத்த அடி விலாவில். நான் மடிந்து விழுந்தேன். கடப்பாரை ஐரீனின் தலைக்கு மேல் உயர்ந்தது. ஒரு கையாலேயே அவன் காலை வாரினேன். அவன் என் முகத்தில் உதைத்தான். பல் ஒன்று தொண்டைக்குள் போனது. காலை நான் விடவில்லை. அவன் என்னை இழுத்துக்கொண்டே படியேறித் தளத்துக்குப் போனான். ஐரீன் பின்னாலேயே வந்து ரம்பத்தின் அடிக்கட்டையால் அவன் முதுகில் போட்டார். அவன் திரும்பி அவர் கழுத்தைப் பிடித்தான்.

"வைமாரி!" என்று கத்தினேன். "பின்பக்கத்த எறக்கு!"

அவளுக்கு இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. பின்பட்டை உருவிக்கொண்டு இறங்கியது. படகின் மூக்கு வானத்தைப் பார்த்து எழும்பியது. ஐரீன் தூணைக் கட்டிக்கொண்டார். நான் கதவு நிலையில் சிக்கிக்கொண்டேன், என் உடம்புக்கு அது முதல் தடவையாக உபயோகப்பட்டது. ஷேன் எதையும் பிடிக்கவில்லை. தளத்தில் வழுக்கிக்கொண்டே போய்ப் பின்விளிம்பைத் தாண்டினான். கீழே சிமெண்ட் தரையில் விழுந்த சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தேன். அவன் முழங்காலுக்குக் கீழே கால் வேறு திசையில் திரும்பியிருந்தது, வெள்ளையாக எலும்பு வெளியே நின்றது. அலறினான். எனக்குக் கொஞ்சமும் பாவமாக இல்லை.

உள்ளே டேரில் தடுப்பை உதைத்துக்கொண்டிருந்தான். அது அசையவே இல்லை. வெளிப்பக்கம் தம்பியின் லட்சணத்தில் இருந்தாலும், உள்பக்கம் அவன் வேலை. அவனாலேயே உடைக்க முடியவில்லை.

போலீஸ் வரும் வரை காத்திருக்காமல், படகை நேராக்கி, வைமாரி மேலே வந்தாள். ஐரீனிடமிருந்து ரம்பத்தை வாங்கித் தானே பலகையை வெட்டித் திறந்தாள். டேரில் தாடியும் அழுக்குமாக வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் நல்ல கையால் அவன் பிடரியைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் அவனை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தடுத்திருக்க மாட்டேன். அவள் அவனைப் பார்க்கவே இல்லை. குனிந்து உள்பக்க மூலையைக் கட்டை விரலால் மேலிருந்து கீழ்வரை தடவினாள். பழுப்பு நிற நார்ப் பட்டை, ஒரு குமிழ்கூட இல்லை.

"ஆளி நாரா?" என்று கேட்டாள்.

"சத்தம் வெளிய போகாம இருக்க," என்றான் அவன். "பலகை பூரா ஒட்டத் துணி பத்தல."

"நல்லா புடிச்சிருக்கு. ரெண்டு மனுஷன் சேந்து உதைச்சாலும் பிரியாது போல."

"பிரியாது." அந்த நிலையிலும் அவன் குரலில் ஒரு பெருமை இருந்தது.

"அடுப்புல காய வெச்சியா?"

"பின்ன? நாலு மணி நேரம். ஈரத்தோட ஒட்டுனா நிக்குமா…"

அவன் வாய் அப்படியே திறந்தபடி நின்றது. ஐரீன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அப்படி ஒரு முறையே தெரியாது என்று எழுதிக் கொடுத்தவன் சொன்னதை நாங்கள் இரண்டு பேரும் காதாரக் கேட்டிருந்தோம்.

வைமாரி ரம்பத்தை மறுபடியும் ஓட்டினாள். அந்த மூலையிலிருந்து ஒரு அடி நீளத் துண்டைச் சுவரோடு சேர்த்து வெட்டி எடுத்தாள். வெட்டு கோணலாகத்தான் வந்தது.

"டமாட்டி போன படகுக்கு ஒரு மணி நேரம்கூட அடுப்பு எரியலடா," என்றாள். "உனக்குன்னு வந்தப்போ நாலு மணி நேரம்."

துண்டை ஐரீனின் கையில் கொடுத்தாள். "வியாழக்கிழமை இதக் கொண்டு வந்துடுங்க ஆன்ட்டி. எங்க வீட்டுக்காரர் பேசறதுக்கு முன்னாடி நீதிபதி இதத் தொட்டுப் பாக்கட்டும்."

பிறகுதான் அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். அந்தப் படகு அவள் அழுகையை ஒரு பொட்டு விடாமல் விழுங்கிக்கொண்டது, வெளியே வந்து நின்ற போலீஸ்காரர்களுக்கு எதுவும் கேட்கவில்லை.